எந்த நாளில் மூச்சு முட்டுகிறது?

(பாடத்தைத் தொடங்குமுன் லூக்கா 16-ம் அதிகாரம் 19 முதல் 31 வரையுள்ள வசனங்களைக் குடும்பமாக ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள்.)



இம்மாதப் பாடத்தை ஒரு தவற்றை ஒத்துக்கொண்டு தொடங்குகிறோம். அது நாங்கள் செய்த தவறு.

சில ஆண்டுகளுக்கு முன் அனுப்பர்பாளையம் பகுதியிலிருந்து நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு சகோதரி, மூச்சுத்திணறலோடு நம் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் சேர்க்கப்பட்டிருந்தார். காலை ஜெபத்திற்காகக் கட்டில் கட்டிலாகப் போகும்போது அவரிடமும் நின்று, எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தோம்.

"ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வர்றப்ப நல்லாத்தானுங்க ஐயா இருக்குது. திங்கக்கெழம வந்தாப் போதுமுங்க, கல்லத் தூக்கி வெச்சாப்பல நெஞ்சு அடைச்சுக்குதுங்க" என்றார்.

எங்களுக்கு மனம் குளிர்ந்தது. ஓய்வுநாளின் ஆசீர்வாதத்தை இந்தச் சகோதரி எவ்வளவு எளிமையாகச் சாட்சி சொல்லுகிறார் என்று எண்ணினோம். ஞாயிற்றுக்கிழமையின் சமாதானம் வாரம் முழுவதும் அவரோடிருக்கும்படி ஜெபித்துவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டோம்.

மறுநாள் ரவுண்ட்ஸ் வந்த இளம் டாக்டர் ஒருவர் அதே வார்த்தைகளைக் கேட்டார். அவர் ஜெபிக்கவில்லை, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "என்ன வேலைம்மா பாக்குறீங்க? எந்த செக்ஷன்? எத்தன வருசமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பதினாறு ஆண்டுகளாகப் பஞ்சாலையில் வேலை. பெரும்பகுதி கார்டிங் செக்ஷனில். ஞாயிறு வார விடுமுறை. டாக்டர் எங்களைப் பார்த்து, "ஐயா, இந்த அம்மா நேத்தே தன் வியாதி என்னன்னு உங்ககிட்ட சொல்லியிருக்காங்க" என்றார்.

அந்தச் சகோதரி சொன்னது சாட்சி மட்டுமல்ல, வியாதியின் அடையாளமும் அதுவே. ஆராதனைக்கு வந்ததால் மட்டும் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மூச்சு இலகுவாகவில்லை. அன்று அவர் பஞ்சுத் தூசியைச் சுவாசிக்கவில்லை. அந்த ஒரு கேள்வியை நாங்கள் கேட்காமற்போனதே இந்தப் பாடத்தை எழுதத் தூண்டியது.

மெல்லிய வஸ்திரமும் ஒரு வியாதியின் பெயரும்

அந்த வியாதிக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் பிஸ்ஸினோசிஸ். பஞ்சு, சணல், ஆளி நார் ஆகியவற்றின் தூசியைப் பல ஆண்டுகள் சுவாசிக்கிறவர்களுக்கு உண்டாகும் நுரையீரல் வியாதி இது. "பிஸ்ஸோஸ்" என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து இந்தப் பெயர் பிறந்தது. நயமான, விலையுயர்ந்த மெல்லிய துணி என்று அதற்கு அர்த்தம்.

செமினரியில் கிரேக்கம் படித்த நாட்களில் அந்தச் சொல்லை நாங்கள் எங்கே வாசித்தோம் என்று தேடிப் பார்த்தோம். லூக்கா எழுதின சுவிசேஷத்தில், ஐசுவரியவானும் லாசருவும் என்ற உவமையின் முதல் வசனத்திலேயே அது இருக்கிறது. ஐசுவரியவான் தினந்தோறும் உடுத்தியிருந்தது பிஸ்ஸோஸ். அவன் வாசலில் கிடந்தவன் லாசரு. அந்தத் துணியின் பெயரையே, அத்தகைய துணிக்கான நாரை அடித்துச் சிக்கெடுக்கிறவர்களின் வியாதிக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வைத்தார்கள்.

உவமையில் ஐசுவரியவான் லாசருவை அடித்ததாகவோ வாசலிலிருந்து துரத்தியதாகவோ ஒரு வார்த்தையும் இல்லை. அவனுக்கு லாசருவின் பெயர் தெரியும். மறுமையில் அந்தப் பெயரைச் சொல்லியே உதவி கேட்கிறான். தினமும் வாசலில் பார்த்திருக்கிறான், பெயரும் அறிந்திருக்கிறான். ஆனாலும் உனக்கு என்ன நேர்ந்தது என்று அவன் ஒருநாளும் விசாரித்ததாக உவமையில் இல்லை. நாங்களும் அந்தச் சகோதரியின் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லி ஜெபித்தோம். வேலையைக் கேட்கவில்லை.

தூசிக்குள் இருப்பது என்ன?

பஞ்சுத் தூசி என்றால் வெறும் பஞ்சின் பிசிறு என்று நினைக்கிறோம். பஞ்சுப் பொதியைப் பிரிக்கும்போது அதில் காய்ந்த இலைத் துணுக்கும், காயைச் சுற்றியிருந்த தோட்டின் பொடியும், மண்ணும் இருக்கின்றன. இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களும் உண்டு. அவற்றுள் சில வகைகளின் மேலுறையில் எண்டோடாக்ஸின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. பாக்டீரியா செத்த பிறகும் இந்த நச்சு தூசியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மூச்சுக்குழாய்க்குள் போய் அழற்சியை உண்டாக்கி, குழாயைச் சுருங்கச் செய்வதில் இதற்கு முக்கியப் பங்கு உண்டு என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

தலைமயிரிலும் புருவத்திலும் வெள்ளையாக ஒட்டுகிற பிசிறு பெரியது. அது மூக்கிலேயே நின்றுவிடும். தும்மலும் எரிச்சலும் தரும். நுரையீரலின் உட்குழாய்கள்வரை செல்லுவது வெயில் கீற்றில் மட்டும் தெரியக்கூடிய நுண்ணிய தூசி. ஆகவே, "எங்க மில்லுல பஞ்சே பறக்கறதில்லீங்க" என்று சொல்லும் இடத்திலும் இந்த வியாதி இருக்கலாம்.

ஏன் திங்கட்கிழமை?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிலருக்குக் காய்ச்சலும் குளிரும் இருமலும் வந்து, சில நாட்களில் தானாகவே நின்றுவிடும். இதை மில் காய்ச்சல் என்பார்கள். உடம்பு பழகிக்கொண்டது என்று வீட்டார் நிம்மதியடைவார்கள்.

பிஸ்ஸினோசிஸ் வருவது பல ஆண்டுகள் கழித்து. முதல் கட்டத்தில், வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மட்டும் நெஞ்சு இறுகும். பெரும்பாலும் வேலை தொடங்கிச் சில மணி நேரத்திற்குப் பின் இந்த இறுக்கம் வரும். செவ்வாய், புதன் ஆகும்போது தணிந்துவிடும். தொடர்ந்து தூசியில் இருக்கும்போது உடல் தற்காலிகமாகச் சகித்துக்கொள்ளுகிறது. ஒருநாள் விலகியிருந்தால் அந்தச் சகிப்பு போய்விடுகிறது. மறுபடி தூசி பட்டவுடன் மூச்சுக்குழாய் கடுமையாக எதிர்க்கிறது. இரண்டாம் கட்டத்தில் இறுக்கம் வாரத்தின் மற்ற நாட்களுக்கும் பரவுகிறது. கடைசிக் கட்டத்தில் ஞாயிறும் திங்களும் ஒன்றாகிவிடும். வேலையை விட்ட பின்பும் மூச்சு முழுமையாகத் திரும்பாது.

முதல் கட்டத்திலேயே கண்டுபிடித்துத் தூசியிலிருந்து விலக்கினால் பெரும்பாலும் சுகம் உண்டு. ஆகையால்தான், திங்கட்கிழமையைப் பற்றி அந்தச் சகோதரி முதன்முதலில் யாரிடமாவது சொன்னபோது அவர்கள் காதுகொடுத்துக் கேட்டிருந்தால் நலமாயிருந்திருக்கும். அவர் சொல்லாமல் இல்லை. சூப்பர்வைசரிடம் சொன்னபோது, திங்கட்கிழமை வேலைக்கு வணங்காத உடம்பு என்ற பேச்சுத்தான் கிடைத்ததாம்.

முன்னோர் கேட்ட கேள்வி

இத்தாலியில் பெர்னார்தினோ ரமாஸினி என்ற மருத்துவர் 1700-ம் ஆண்டில் தொழிலாளரின் வியாதிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சணலையும் ஆளி நாரையும் சிக்கெடுக்கிறவர்களின் ஓயாத இருமலையும் இளைப்பையும் அதில் எழுதியிருக்கிறார். ஏழையின் வீட்டுக்குப் போகும் மருத்துவர் முக்காலி கிடைத்தாலும் அதில் உட்கார்ந்து பொறுமையாக விசாரிக்கவேண்டும் என்று அவர் புத்தி சொன்னார். வியாதியஸ்தரிடம் கேட்கவேண்டியவை என்று பழங்கால மருத்துவர்கள் வகுத்திருந்த கேள்விகளோடு, நீ என்ன வேலை செய்கிறாய் என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். நம் வார்டில் அந்த இளம் டாக்டர் செய்ததும் இதுதான்.

1845-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் மாரெஸ்கா, ஹேமன் என்ற இரு மருத்துவர்கள் பஞ்சாலைத் தொழிலாளரிடம் நேரில் விசாரித்தார்கள். வாரக் கடைசியைவிடத் திங்களிலும் செவ்வாயிலும் தூசி அதிகமாக வருத்துகிறது என்று தொழிலாளர்கள் அவர்களுக்குச் சொன்னார்கள். அனுப்பர்பாளையத்துச் சகோதரி எங்களிடம் சொன்னதும் அதே செய்தி.

சொன்னதைக் கேட்டவர்கள் செயல்பட நூறு ஆண்டுகள் ஆயின. பிரிட்டனில் 1941-ல்தான் இந்த வியாதிக்கு உதவித்தொகைத் திட்டம் வந்தது. தொடக்கத்தில் அதுவும் இருபது ஆண்டுகள் வேலை செய்த ஆண்களுக்கு மாத்திரமே. அமெரிக்காவில் 1978-ல் பஞ்சுத் தூசிக்குச் சட்டப்பூர்வமான வரம்பு விதித்தார்கள். நூல் தயாரிக்கும் பகுதிகளில் ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அந்த வரம்பு. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கி அதில் 200 பங்கு என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஆலை முதலாளிகள் வழக்குத் தொடுத்தார்கள். 1981-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த விதியை நிலைநிறுத்தியது. இயந்திரங்களை மூடித் தூசியை உறிஞ்சும் ஏற்பாடுகள் வந்தபின் அங்கே இவ்வியாதி வெகுவாகக் குறைந்துபோனது.

நம் தேசத்தில் இந்த வியாதி அபூர்வம் என்று ஒரு காலத்தில் எண்ணியிருந்தார்கள். அகமதாபாத்தின் மூன்று ஆலைகளில் நடத்தப்பட்டு 1989-ல் வெளியான ஆய்வில், ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்த வியாதி காணப்பட்டது. கேட்டவர்கள் இல்லாதவரை வியாதியும் இல்லாததுபோலவே இருந்திருக்கிறது.

நம் ஊரின் வேலைகள்

அனுப்பர்பாளையம் என்றால் பழைய தலைமுறைக்குப் பித்தளை, எவர்சில்வர் பாத்திரங்கள்தான் நினைவுக்கு வரும். இன்றும் பட்டறைகள் உண்டு. பாத்திரம் பாலீஷ் போடும்போது பறக்கும் உலோகப் பொடியும் நுரையீரலுக்கு ஆகாது. ஆனால் அது வேறு வகையான தீங்கு. இன்று அதே தெருக்களிலிருந்து மில் வண்டிகளிலும் பனியன் கம்பெனி வண்டிகளிலும் ஜனங்கள் ஏறிப் போகிறார்கள். அவர்கள் எந்த வேலைக்குப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தே அவர்கள் சுவாசிக்கும் காற்றும் இருக்கிறது.

பஞ்சாலை: பொதி பிரிக்கும் ப்ளோ ரூமும் கார்டிங்குமே மிகுந்த ஆபத்துள்ள இடங்கள். பிஸ்ஸினோசிஸ் அதிகம் காணப்படுவது இங்கேதான். சிம்ப்ளெக்ஸ், ஸ்பின்னிங், கோன் வைண்டிங் என்று போகப்போகத் தூசி குறையும், ஆனால் இல்லாமற்போகாது.

வேஸ்ட் குடோனும் ஓ.இ. மில்லும்: பனியன் கட்டிங் வேஸ்டையும் மில் வேஸ்டையும் பிரித்து, கிழித்து, மறுபடி பஞ்சாக்கி நூல் எடுக்கிறார்கள். தூசி மிகுந்த வேலை இது. குடோன் வேலைக்குப் போகிறவர்களில் வயதான பெண்களும் உண்டு.

நிட்டிங்: நூல் ஊசிகளில் ஓடும்போது பிசிறு பறக்கும். இந்த இயந்திரங்களின்மேல் சுழலும் விசிறிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிசிறு நூலிலும் ஊசியிலும் தங்கித் துணியில் டேமேஜ் விழாதபடி அவை வைக்கப்பட்டிருக்கின்றன. ஊதப்பட்ட பிசிறு மனிதர் நிற்கிற பக்கம் வருகிறது. பஞ்சாலையின் கார்டிங் அளவுக்கு இங்கே ஆபத்து இல்லையென்றாலும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த இடம் கடினமானது.

சலவையும் சாயமும்: ப்ளீச்சிங்கில் குளோரின் நெடி, சாயமேற்றுகையில் ஆசிட் ஆவி. ரியாக்டிவ் சாயப்பொடியை எடை போடும்போது அது மூக்கில் ஏறினால், சிலருக்கு அந்தச் சாயத்தாலேயே ஆஸ்துமா உண்டாகிறது. ஒருமுறை அப்படி ஆனபின் மிகச் சிறிய அளவு பொடியும் அவர்களுக்குப் போதும்.

கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங்: ஒப்பிட்டால் தூசி குறைவு. ஆனால் நாள் முடிவில் இயந்திரத்தையும் உடம்பையும் ஏர் கன்னால் ஊதிச் சுத்தப்படுத்தும் பழக்கம், படிந்திருந்த தூசியையெல்லாம் மறுபடி காற்றில் எழுப்பிவிடுகிறது.

நொய்யல் ஆறு சாயத்தால் நிறம் மாறியபோது அதை எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நுரையீரலுக்குள் நடப்பதை அப்படி யாரும் கரையில் நின்று பார்க்க முடியாது. மூச்சு முட்டுகிறவர் சொல்லவேண்டும், மற்றவர் கேட்கவேண்டும், வேறு வழியில்லை.

கண்டுபிடிக்கப்படாமல் போவது ஏன்?

முதலாவது, எக்ஸ்ரே. இந்த வியாதிக்கென்று எக்ஸ்ரே படத்தில் தனி அடையாளம் எதுவும் இல்லை. படம் சுத்தமாக இருக்கிறது, உங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் பலர்.

இரண்டாவது, மற்ற வியாதிகளோடு குழப்பம். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் இருந்தால் முதலில் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்தவேண்டும். இதை ஒருபோதும் விட்டுவிடக்கூடாது. அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். காசநோய் இல்லையென்று ஆனபின், சாதாரண வீசிங் என்று இன்ஹேலர் மட்டும் கொடுத்து அதே தூசிக்கு அனுப்பிவிடுவது அடுத்த தவறு. மருந்து மூச்சுக்குழாயைச் சற்று விரிக்கும், தூசியை நிறுத்தாது.

மூன்றாவது, வேலை மாறுதல். இங்கே ஒரே மில்லில் முப்பது வருஷம் இருப்பவர்கள் குறைவு. மில், குடோன், பனியன் கம்பெனி, மறுபடி மில் என்று மாறிக்கொண்டிருக்கிறார்கள். தென் மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் உடம்பு முடியாமற்போனால் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். அங்கேயுள்ள டாக்டருக்கு அவர்கள் முன்பு செய்த வேலை தெரியாது. யார் கணக்கிலும் இந்த வியாதி எழுதப்படுவதில்லை.

சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் மருத்துவர்கள் அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய வியாதிகளின் பட்டியலில் பிஸ்ஸினோசிஸையும் வைத்திருந்தது. 2020-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் பட்டியலிலும் அது உள்ளது. வேலையால் வந்த வியாதி என்று நிரூபித்தால் இழப்பீட்டுக்கும் வழி உண்டு. ஆனால் நிரூபிக்கவேண்டுமானால் யாராவது முதலில் கேட்டு, எழுதி வைத்திருக்கவேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

தொழிலாளர் குடும்பங்களுக்கு:

1. நெஞ்சு இறுகும் நாளைக் கவனியுங்கள். மில்களில் வார விடுமுறை ஆளுக்கு ஒரு நாளாக மாறி வருவதுண்டு. அப்படியானால் உங்களுக்கு வியாழக்கிழமைதான் "திங்கட்கிழமை"யாக இருக்கலாம். தீபாவளி, பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பும் முதல் நாளை விசேஷமாகக் கவனியுங்கள்.

2. ஒரு சிறு நோட்டில் எந்த வருஷம், எந்த ஊர், எந்த செக்ஷன் என்று எழுதி வையுங்கள். இ.எஸ்.ஐ. எண்ணையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டையும் கொண்டுபோங்கள்.

3. பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு கருவி உண்டு. குழாயில் பலமாக ஊதினால் மூச்சின் வேகத்தை எண்ணாகக் காட்டும். விடுமுறைக்குப் பின்வரும் முதல் நாளில் வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை ஊதிப் பார்க்கவேண்டும். உதாரணமாக, காலையில் 400 காட்டியது மாலையில் 340 ஆனால், நூற்றுக்குப் பதினைந்து பங்கு குறைந்திருக்கிறது. இப்படி மறுபடியும் மறுபடியும் குறைந்தால் டாக்டரிடம் காட்டி, ஸ்பைரோமெட்ரி பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

4. பீடி, சிகரெட் இந்த வியாதியை இன்னும் பாரமாக்கும். தூசியோடு புகையும் சேர்ந்தால் நுரையீரல் சீக்கிரம் கெட்டுப்போகிறது.

5. கைக்குட்டை கட்டுவது பெரிய பிசிறைத் தடுக்கும். நுண்ணிய தூசியைத் தடுக்காது. முகத்தோடு பொருந்துகிற என் 95 வகை முகக்கவசம் உதவும்.

கம்பெனியும் யூனிட்டும் நடத்துகிற பங்காளர்களுக்கு:

உங்களில் சிலர் சிறியதாகவோ பெரியதாகவோ தொழில் நடத்துகிறீர்கள். அந்த வருமானத்திலிருந்து வரும் காணிக்கையால் இந்த ஆஸ்பத்திரியில் கட்டில்கள் நிற்கின்றன. நன்றியோடு அதை நினைத்தே இதை எழுதுகிறோம். முகக்கவசம் வாங்கிக் கொடுத்தால் கடமை தீர்ந்தது என்று எண்ணவேண்டாம். நூல் அறுந்துபோகாதபடி ஈரப்பதம் கூட்டி வைத்திருக்கும் மில்லில், எட்டு மணி நேரம் அதைக் கட்டிக்கொண்டிருப்பது எளிதல்ல. தூசி பிறக்கும் இடத்திலேயே உறிஞ்சி எடுப்பதே முதல் வழி. உறிஞ்சும் குழாய்களையும் வடிகட்டிகளையும் பழுதில்லாமல் வைத்திருங்கள். ஏர் கன்னுக்குப் பதிலாக உறிஞ்சும் கருவியால் சுத்தப்படுத்துங்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு மூச்சுப் பரிசோதனை செய்து, வருஷத்திற்கு ஒருமுறையாவது ஒப்பிட்டுப் பாருங்கள். திங்கட்கிழமை நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லுகிறவரைச் சோம்பேறி என்று எண்ணாமல், சம்பளம் குறையாமல் தூசி குறைந்த செக்ஷனுக்கு மாற்றுங்கள். "சம்பளம் குறையாமல்" என்பதை அழுத்திச் சொல்லுகிறோம். சம்பளம் குறையும் என்று தெரிந்தால் யாரும் வியாதியைச் சொல்லமாட்டார்கள்.

சபைகளுக்கு:

கோயம்புத்தூரில் 1862-ல் பள்ளிக்கூடம் தொடங்கிய ராபர்ட் ஸ்டேன்ஸ்தான் 1888-ல் இப்பகுதியின் முதல் பஞ்சாலையையும் தொடங்கினார். கொங்கு நாட்டில் சபையும் பஞ்சும் நெடுங்காலப் பழக்கமுள்ளவை. வியாதியஸ்தரைச் சந்திக்கப் போகும் மாதர் சங்கத்தாரும் வாலிபர் சங்கத்தாரும், ஜெபிக்குமுன் இரண்டு கேள்வி கேட்கப் பழகுங்கள். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்? எந்த நாளில் அதிகமாக முட்டுகிறது? வெளிமாநிலத்தவரானால், அவர்கள் பாஷை தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

அந்தச் சகோதரி

அவர் இப்பொழுது ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறார். மில்லில் வாங்கியதைவிடச் சம்பளம் குறைவு. திங்கட்கிழமை இறுக்கம் நின்றுவிட்டது. ஆனால் போன மூச்சு முழுவதும் திரும்பவில்லை. நம் ஆஸ்பத்திரி மாடிப்படியில் பாதியில் நின்றுதான் ஏறுகிறார். பத்து வருஷத்துக்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால் என்று நினைக்காமல் இருக்க எங்களால் முடியவில்லை.

கடைசியாக வந்தபோது பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளையும் அழைத்துவந்திருந்தார். பழைய மில்லிலிருந்தே பெண்ணுக்கு வேலைக்கு ஆள் வந்து கேட்டிருக்கிறார்கள். "புள்ளைய அங்க அனுப்பலாமுங்களா ஐயா?" என்றார்.

நாங்கள் இந்த முறை அவசரப்பட்டு ஜெபிக்கவில்லை. உட்கார்ந்தோம். எந்த செக்ஷன், தூசி உறிஞ்சும் ஏற்பாடு இருக்கிறதா, சேரும்போது மூச்சுப் பரிசோதனை செய்கிறார்களா என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. "போயிக் கேட்டுட்டு வாறனுங்க" என்று எழுந்தார். கேட்கப் போன இடத்தில், இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்றார்களாம். பதில் திருப்தியாயில்லை, மகளைத் தன்னோடு செக்கிங்குக்கே அழைத்துப் போகிறார். வருமானம் குறைவுதான் என்று அவரே சொன்னார். அதன்பின் மூவருமாக ஜெபித்தோம்.

இந்த வாரம் பீரோவிலிருந்து ஒரு பனியனை எடுத்து உடுத்தும்போது, அந்த நூல் எத்தனை பேருடைய மூச்சைக் கடந்து வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு வாசலுக்கு வந்துபோகிறவர்களில் மில்லுக்குப் போகிறவர் ஒருவராவது இருப்பார். அவரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

குழுவாகக் கலந்துபேச

1. ஐசுவரியவான் லாசருவின் பெயரை அறிந்திருந்தும், அவனைப்பற்றி அறியாமலிருந்தது என்ன?

2. நம் சபையில் பஞ்சாலை, நிட்டிங், சாயப்பட்டறை, வேஸ்ட் குடோன், பாத்திரப் பட்டறை ஆகியவற்றில் வேலை செய்கிறவர்கள் யார் யார்? அவர்கள் எந்த செக்ஷனில் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியுமா?

3. உடம்பு முடியவில்லை என்று ஒருவர் சொன்னதை நாம் சோம்பல் என்றோ, ஆவிக்குரிய குறைவு என்றோ எண்ணிய சமயம் உண்டா?

4. ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கி, தொழிலாளர் மிகுந்த நம் தெருவில் வைத்துப் பயன்படுத்தும் பொறுப்பை யார் ஏற்றுக்கொள்ளலாம்?



கிறிஸ்துவின் பணியில்,
ஆஸ்பத்திரி சாப்ளின்